அறிவிக்க வேண்டியவை

றீஹன் எல்லைச் சாவடி.
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து இருபது.
வானுக்குள் முப்பத்தெட்டுக் கிலோ ஆட்டிறைச்சி,
மேலே பிள்ளைகளின் பனிச்சறுக்குச் சட்டைகள்,
அதற்கும் மேலே ஒரு கம்பளி.
தவக்காலத்து வெள்ளியில்
இறைச்சி கடத்துகிறவன் நான்.
ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குத்தானே என்று
எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

முன்னால் ஏழு வாகனங்கள்.
அப்போதுதான் போன் அடித்தது.

"சந்தியோகு, பாதர் கதைக்கிறன்.
கோத்தார்ட் சுரங்கத்துக்கு அங்காலை நிக்கிறன்,
ஒரு வாகனமும் அசையேல்லை.
வஸ்தியாம்பிள்ளை இண்டைக்கு இரவு தாண்டமாட்டாராம்.
ஆஸ்பத்திரிக்குப் போய்
பக்கத்திலை இருந்து செபம் சொல்லு."

"வேறை ஆக்களைக் கேளுங்கோ பாதர்.
மெற்றில்டா அக்காவுக்கு மன்றாட்டெல்லாம் மனப்பாடம்."

"அவ சூரிச்சிலை. நீ எங்கை நிக்கிறாய்?"

"போடரிலை."

"அப்ப கிட்டத்தானே."

"பாதர், அவருக்கு என்னைப் பிடிக்காது."
அதற்குள் மலை அவர் குரலை விழுங்கிவிட்டது.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் உண்டு.
பதினான்கு வருடத்துக்கு முன்
மூன்றாம் சீட்டைக் கூறி எடுத்துக்கொண்டு
மிச்ச மாதங்கள் கட்டாமல் நின்றவன் நான்.
எனக்குப் பிணை நின்றவர் அவர்.
பதினெட்டாயிரம் பிராங்க்.
கோப்பை கழுவிக் கழுவியே கட்டி முடித்தார்.
பூசையில் சமாதானம் சொல்லும் நேரம்
தோல் உரிந்த அந்தக் கைகளை
நான் ஒருநாளும் தொட்டதில்லை.
தூணுக்கு மறுபக்கம் இருப்பது என் வழக்கம்.

இளம் அதிகாரி ஒருத்தி குனிந்து பார்த்தாள்.
அறிவிக்க வேண்டியது ஏதும் உண்டா?
இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு
என் நாக்கு தானாகவே
இல்லை என்று சொல்லும்.
அன்று ஏனோ
உண்டு என்றது.

நேர்மை வந்த நேரத்தைப் பாருங்கள்!
கம்பளி விலகியது, சட்டைகள் விலகின,
தராசு, படிவம், தண்டம்,
ஒரு மணிநேரம் போய்விட்டது.
உண்மை சொன்னதால்தான் பிந்தினேன் என்று
யாரிடம் போய் முறையிட?

ஐந்தாம் மாடி.
வாசலில் கை கழுவினேன், மறுபடி கழுவினேன்,
கொழுப்பு வாசம் போகவில்லை.
மகள் ஜொய்லினுக்கு என்னைத் தெரியும்.
வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை.
கதிரையை மட்டும்
காலால் என் பக்கம் தள்ளினாள்.

கையில் செபமாலை இல்லை.
விரல்களில் எண்ணினேன்.
ஒன்பதில் குழம்பி மறுபடி தொடங்கினேன்.
சின்ன வயதிலிருந்து வாயில் ஓடுகிற செபம்
"இப்பொழுதும்" என்ற இடத்தில் நின்றுவிட்டது.
அடுத்த சொல்லை
சாகக் கிடப்பவரின் முகத்துக்கு நேரே
எப்படிச் சொல்வது?

மூச்சு முகமூடிக்குள்ளிருந்து
கண் திறக்காமல்
அவரே சொன்னார், அந்தச் சொல்லை.
எழுத்தெழுத்தாக.
சொல்லி முடித்து
நான் தொடரட்டும் என்று காத்திருந்தார்.

என் குரலை அறிந்துதான் எடுத்துக் கொடுத்தாரா?
ஞானப்பிரகாசம் என்று நினைத்தாரா?
தெரியாது.
அவர் கையைப் பிடித்திருந்தேன்.
தோல் எப்போதோ ஆறியிருந்தது.

மூன்று மணிக்கு முடிந்தது.
விடியப் பாதர் வந்தார், ஈர மேலங்கியோடு.
"நான் ஆயக்காரன்கூட இல்லை பாதர்,
ஆயக்காரனையே ஏய்ச்சுத் திரிஞ்சவன்" என்றேன்.
அவர் கேட்டதாகத் தெரியவில்லை.
எழுத ஒரு துண்டுக் கடதாசி கேட்டார்.
என்னிடம் இருந்தது
தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு ஒன்றுதான்.

அது இன்னும் சட்டைப்பைக்குள் கிடக்கிறது.
பின்பக்கத்தில் வேறொரு வார்டு, வேறொரு பெயர்,
செவ்வாய், ஆறு மணி.
போவேனென்று நான் யாரிடமும் சொல்லவில்லை.
வானைக் கழுவக் கொடுத்திருக்கிறேன்.